ஆர்எஃப் எலக்ட்ரான் துப்பாக்கியை முதல் நாளே முழு மின்புலத்தில் இயக்கினால் என்ன?

ரேடியோ அலையின் (ஆர்எஃப்) மின்புலத்தால் எலக்ட்ரான்களை முடுக்கும் செம்பு அறை அது. அந்தச் செம்பில் குழி விழும். லேசர் பட்டு எலக்ட்ரான்களை உமிழும் கேதோடில் விழுந்தால் அந்த இடத்திலிருந்து நல்ல கற்றை கிடைக்காது.

ஸ்டான்ஃபோர்டின் எல்சிஎல்எஸ் என்ற எக்ஸ்ரே லேசரின் துப்பாக்கி 2856 மெகாஹெர்ட்ஸில் இயங்குவது. கேதோடில் மீட்டருக்கு 115 மெகாவோல்ட் அளவு மின்புலம். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளிக் கற்றையைக் கெடுப்பதற்குள் ஒளிவேகத்தை நெருங்கிவிட வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு புலம். ஆனால் நுண்ணிய பிசிறு ஒன்றின் முனையில் புலம் பல மடங்கு குவியும். எலக்ட்ரான்கள் கசியும், முனை உருகி ஆவியாகும், அந்த ஆவியில் மின்பொறி வெடிக்கும்.

அதனால் ஒரு மைக்ரோநொடிக்கும் குறைவான துடிப்பு, குறைந்த திறன் என்று தொடங்குங்கள். கண் வெற்றிட அளவியிலேயே இருக்கட்டும். அழுத்தம் திடீரென எகிறினாலோ எதிரொளித்த அலை துள்ளினாலோ ஆர்எஃப் தானாகவே அடுத்த துடிப்புக்குள் நிற்க வேண்டும். வெற்றிடம் தேறியதும் திறனைச் சற்றுக் குறைத்து மீண்டும் ஏற்றுங்கள். துடிப்பை நீட்டும் ஒவ்வொரு முறையும் முதலில் திறனை இறக்குங்கள்; பலர் தவறுவது இங்கேதான்.

குளிர்நீரையும் மறக்காதீர்கள்: செம்பு ஒரு டிகிரி சூடானால் துப்பாக்கியின் ஒத்ததிர்வு அதிர்வெண் ஏறத்தாழ 48 கிலோஹெர்ட்ஸ் இறங்கும், எதிரொளிப்பு கூடும். அதைக் கவனிக்காமல் எதிரொளிப்பைப் பார்த்து மின்பொறி என்று முடிவுகட்டினால் நாள் முழுக்க வீண்.

லேசரை அணைத்துவிட்டு எலக்ட்ரான்களைப் பிடித்து அளக்கும் ஃபாரடே கிண்ணத்தில் இருள் மின்னோட்டத்தை, அதாவது லேசர் இல்லாமலே கசியும் மின்னோட்டத்தை, அளந்து, தினமும் அதே புலத்தில் ஒப்பிடுங்கள். குறைந்துகொண்டே வந்தால் பரப்பு பதப்படுகிறது. திடீரென ஏறினால் புதுக் குழி விழுந்திருக்கலாம்.