மண்டை ஏன் ராகி அடை மாதிரி வருகிறது?

பாலக்கோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்கிறார்: "தர்மபுரியில் தாத்தாவுக்கு எடுத்த தலை சிடி ஸ்கேனில் 32 ஸ்லைஸ் (குறுக்குவெட்டுப் படம்) இருக்கிறது. புராஜெக்டுக்காக எல்லாவற்றையும் ஜேபெக் ஆக்கி, பைத்தான் புரோகிராமில் அடுக்கி 3டி செய்தேன். மண்டை ராகி அடை மாதிரி தட்டையாக வருகிறது, நடுவில் அடுக்கும் முன்னே பின்னே மாறிக் கிடக்கிறது. என்ன செய்யலாம் சார்?"

தம்பி, முதலில் அந்த ஜேபெக்கைத் தூக்கிப் போடுங்கள். ஸ்கேன் சென்டரில் கொடுத்த டைகாம் ஃபைலுக்குள்ளேயே (ஸ்கேன் படங்களுக்கென்றே உள்ள ஃபைல் வகை) அந்த ஸ்லைஸ் எந்த இடத்தில் எடுத்தது, ஒரு பிக்சல் எத்தனை மில்லிமீட்டர் என்பதெல்லாம் இருக்கும். ஜேபெக் ஆக்கியதும் அது அத்தனையும் போச்சு. காற்றுக்கு -1000, தண்ணீருக்கு 0 என்று அடர்த்தியைக் காட்டிக்கொண்டு போகிற ஹவுன்ஸ்ஃபீல்டு அளவும் வெறும் 256 சாம்பல் நிறத்துக்குள் அடைபட்டுவிடும், அப்புறம் எலும்பைத் தனியாகப் பிரிப்பது பெரும்பாடு.

தட்டையாவதற்குக் காரணம் இடைவெளி. தலை ஸ்கேனில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 0.45 மி.மீ., ஸ்லைஸுக்கு ஸ்லைஸ் தூரமோ பெரும்பாலும் 5 மி.மீ. உங்கள் புரோகிராம் இரண்டையும் சமமாக எடுத்துக்கொண்டால் 16 செ.மீ. உயரம் வரவேண்டிய தலை ஒன்றரை செ.மீ.கூடத் தேறாது. 'ஸ்லைஸ் திக்னஸ்' (ஸ்லைஸின் தடிமன்) என்று டைகாமில் போட்டிருக்கும் எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள், ஸ்லைஸ்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் இருக்கலாம், இடைவெளி விட்டும் இருக்கலாம். அடுத்தடுத்த இரண்டு ஸ்லைஸின் 'இமேஜ் பொசிஷன்' மதிப்புகளை எடுத்து நடுவில் உள்ள தூரத்தைக் கணக்கிடுவதே சரி.

வரிசையையும் அதே பொசிஷனை வைத்தே அடுக்குங்கள். ஃபைல் பெயரை நம்பினால் 1, 10, 11, அப்புறம் 2 என்றுதான் வரும்.

இதற்குப் பிறகும் தலை முன்னாலோ பின்னாலோ சரிந்து தெரிந்தால், கண்ணில் கதிர் படாமலிருக்க மெஷினைச் சாய்த்து எடுத்திருப்பார்கள். இலவசமாகக் கிடைக்கும் '3டி ஸ்லைசர்' என்ற சாஃப்ட்வேரில் அதைச் சரிசெய்ய வசதி உண்டு. சொல்லப்போனால், முதலில் அதில் போட்டுப் பார்த்துவிட்டு பைத்தானுக்கு வருவது நல்லது.

ஆனால் 5 மி.மீ. ஸ்லைஸில் படிக்கட்டு மாதிரி தெரிவதை ஒன்றும் செய்ய முடியாது. வழவழப்பாக்கினால் பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்; கண்குழியின் மெல்லிய எலும்பு அப்போதும் ஓட்டையாகவே தெரியும். சென்டரில் அதே ஸ்கேனின் 1 மி.மீ. ஸ்லைஸ் வரிசை (சீரிஸ்) இருக்கிறதா என்று உடனே கேளுங்கள், மெஷினில் அதை ரொம்ப நாள் வைத்திருக்க மாட்டார்கள். கிடைத்தால் 512க்கு 512 அளவில் ஒரு ஸ்லைஸ் அரை எம்பி, 300 ஸ்லைஸ் என்றாலும் 150 எம்பிதான், சாதாரண லேப்டாப்பே தாங்கும்.

கல்லூரியில் காட்டுவதற்கு முன் டைகாமிலிருந்து தாத்தாவின் பெயர், பிறந்த தேதி, நோயாளி எண் மூன்றையும் அழித்துவிடுங்கள்.