மாயாவும் மாயக்காளும்

அன்புள்ள ஐயா,

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகிறது. 'மாயா' என்று பெயரிட முடிவு செய்திருக்கிறோம். இரண்டே எழுத்து, எந்த நாட்டிலும் எவர் வாயிலும் நுழையும். பெயரைக் கேட்டதும் என் மாமியார் கண்கலங்கி, "எங்கம்மா பேரையே வச்சிட்டீங்களே" என்றார். அவருடைய தாயாரின் பெயர் மாயக்காளாம். நாங்களோ இணையத்தில் தேடி, நவீனமாக இருக்கிறதே என்று எடுத்த பெயர் இது. நல்லவேளையாக அந்தப் பழைய பெயருக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று தாங்கள் விளக்கினால், அவரிடம் பக்குவமாகக் காட்டிவிடுவேன். இது வடமொழியா, மாயன் நாகரிகத்தோடு உறவுடையதா, பத்தாண்டுகளில் பழசாகிவிடுமா என்பதையும் கூறுங்கள். எண் கணிதப்படி ஆங்கிலத்தில் கூடுதலாக ஓர் 'ஏ' சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தாய்க்கும் சேய்க்கும் என் வாழ்த்துகள். எண் கணிதத்தை என்னிடம் கேட்டிருக்க வேண்டாம். அந்தக் கூடுதல் 'ஏ'யை எழுதி எழுதிக் கை வலிக்கப்போவது குழந்தைக்குத்தான். மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் வாழும் மாயன் மக்களோடு இப்பெயருக்கு ஒலி ஒற்றுமையன்றி வேறு உறவு கிடையாது.

நீளமான பெயருக்குப் பெரும்பாலும் ஒரே பிறப்பிடந்தான் இருக்கும். குறும்பெயருக்கு அப்படியல்ல, பல மொழிகள் தனித்தனியே பெற்றுப்போட்ட பிள்ளை அது. புத்தரின் தாய் மாயாதேவி. கிரேக்கத் தொன்மத்தில் ஹெர்மிஸ் என்னும் தேவனைப் பெற்றவளும் ஏறத்தாழ இதே ஒலியுடையவள். எபிரேயம் பேசுவோர் நீரைக் குறிக்கும் 'மயிம்' என்னும் சொல்லோடு இதைச் சேர்த்துப் பார்ப்பதுண்டு. அமெரிக்க எழுத்தாளர் மாயா ஏஞ்சலோவுக்குப் பெற்றோர் இட்ட பெயர் மார்கரீட். 'என் தங்கை' என்று ஆங்கிலத்தில் சொல்ல முயன்ற அண்ணனின் மழலையில் விளைந்ததுதான் 'மாயா'. அவருடைய தன்வரலாறு 1969இல் வெளிவந்தது. அதற்கு முன் அந்நாட்டில் அரிதாக இருந்த இப்பெயர், அவர் ஒருவரால் மட்டும் என்று சொல்ல மாட்டேன், பின்னர் படிப்படியாக ஏறி, 2000க்குப் பிந்திய ஆண்டுகளில் பெண்களுக்கு இடும் முதல் நூறு பெயர்களுள் ஒன்றாகிவிட்டது. பழசாகுமா என்று கேட்டீர்கள். ஆகும். எல்லாப் பெயரும் ஆகும். நீங்களும் நானும் ஆவதைப் போல.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய சொல்லுக்கு வருகிறேன். 'நல்லவேளையாக' என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்கு அம்மா நல்லவேளை?

'மா' என்றால் தமிழில் கருமை. முல்லை நிலத்தின் தெய்வத்தைத் தொல்காப்பியம் 'மாயோன்' என்கிறது. கருநிறத்தவன் என்பது பொருள். கணவனின் குறையை ஊரறியாமல் மூடிமறைக்கும் தலைவியைக் குறுந்தொகையின் 9ஆம் பாடலில் தோழி 'மாஅயோள்' என்கிறாள்; கருமை அங்கே அழகு. சிலப்பதிகாரத்தில் கொற்றவைக்கு 'மாயவள்' என்று பெயர்; அவுணரின், அதாவது அசுரரின், கொடுந்தொழிலைப் பொறாமல் அவள் மரக்கால் கட்டி ஆடினாள் என்கிறது கடலாடு காதை. ஆண்டாளின் 'மாயனை மன்னு வடமதுரை மைந்தனை' உங்கள் வீட்டிலும் மார்கழியில் ஒலிக்கக்கூடும். வடமொழியின் 'மாயா' வேறு சொல். வேதத்தின் பழைய பகுதிகளில் வியத்தகு ஆற்றலைக் குறித்து, பின்னர் வேதாந்திகளின் கையில் பொய்த்தோற்றமானது. இரண்டு ஓடைகளும் மக்கள் வழக்கில் எப்போதோ கலந்துவிட்டன. மாயவளை உறவுமுறை சொல்லி அக்காளாக்கிக்கொண்ட பெயரே மாயக்காள் என்பது என் துணிபு. ஆகவே உங்கள் மாமியார் அழுததில் பிழையில்லை. இணையத்தில் தேடிய உங்களைவிட அவருக்குச் சொல்லின் வேர் தெரிந்திருக்கிறது.

நான் படித்த பள்ளியில் மாயாண்டி என்றொரு பையன் இருந்தான். வருகைப் பதிவேட்டை வாசிக்கும் ஆசிரியர் அவன் பெயர் வந்ததும் நிறுத்தி, "ஆண்டி வந்தாச்சா? திருவோடு எங்கேடா?" என்பார். வகுப்பு முழுவதும் சிரிக்கும். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். வேலைக்குப் போன முதல் ஆண்டிலேயே அவன் அரசிதழில் பெயரை மாற்றிக்கொண்டான்; 'ஷ்' என்று முடியும் பெயர், அந்தக் காலத்தில் அதுதான் நவீனம். பல ஆண்டுகள் கழித்து அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, அரசிதழின் அந்தப் பக்கத்தைக் கண்ணாடி உறைக்குள் பத்திரப்படுத்தி வைத்திருந்ததை எடுத்துக் காட்டினான். நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கையில் கொல்லைப்புறத்திலிருந்து "மாயாண்டி" என்று அவனுடைய தாயின் குரல் வந்தது. "இந்தா வாரேன் ஆத்தா" என்று உடனே எழுந்து போனான்.

மாயாண்டிகளையும் மாயக்காள்களையும் இப்படிச் சிரித்தே ஒழித்துவிட்டு, அதே சொல் வாலை நறுக்கிக்கொண்டு இணையம் வழியாகத் திரும்பி வரும்போது நவீனம் என்று மடியில் ஏந்திக்கொள்கிறோம். குறும்பெயர் என்பதே புதுக் கண்டுபிடிப்பு என்று வேறு நம்புகிறோம். மாயக்காளை அவர் வீட்டில் முழுப்பெயர் சொல்லியா அழைத்திருப்பார்கள்? 'மாயி' என்றிருப்பார்கள். அதுவும் இரண்டெழுத்துதான்.

இன்னொன்றும் உண்டு, இது எனக்கு மிகவும் பிடித்தது. தமிழில் 'மாய்தல்' என்றால் அழிதல், மறைதல். தம் புகழை நிறுத்தித் 'தாம் மாய்ந்தனரே' என்கிறது புறநானூற்றின் 165ஆம் பாடல். 'மாயாப் புகழ்' என்றால் அழியாப் புகழ். ஒரு மொழியில் பொய்த்தோற்றம் என்று நிற்கும் அதே ஒலி இன்னொரு மொழியில் அழியாதது என்று பொருள்படுகிறது. எதை மகளுக்குச் சொல்லிக் கொடுப்பது என்பது உங்கள் விருப்பம்.

மாயா என்றே வையுங்கள். அவசரம் ஒன்றுமில்லை, பிறப்பைப் பதிந்த பின், பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்க 12 மாத அவகாசம் உண்டு. அதற்குள் ஒரு நாள் மாமியாரின் அருகில் அமர்ந்து, மாயக்காள் எப்படி இருப்பார், எந்தப் பாட்டைப் பாடித் தூங்கவைப்பார் என்று கேளுங்கள். இந்தப் பதிலையும் அவரிடம் காட்டலாம். உங்கள் கடிதத்தை மட்டும் மறைத்துவிடுங்கள்.