ஐந்து வயதுக்கு எந்த முறை? வீட்டுக்கல்விக் கேள்விகளும் என் பதில்களும்

பாலக்காடு சித்தூர்ப் பக்கம் ஒன்பது வருசமாக என் இரண்டு பிள்ளைகளும் வீட்டில்தான் படிக்கிறார்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், கேட்டவரின் ஊரை முன்னால் போட்டிருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை: அக்கா, மகளுக்கு ஐந்து வயது. காலையில் மாண்டிசோரி, சாயங்காலம் வால்டார்ஃப் என்று அட்டவணை போட்டிருக்கிறேன். சரியா?

அட்டவணையைக் கிழித்துப் போடு கண்ணு. இத்தாலிக்கார டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மாவுக்கு ஆறு வயதுக்குள் நிஜ வேலைதான் முக்கியம், பருப்புப் பொறுக்குவது, சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுவது, அதோடு பிள்ளை கேட்டால் நாலு வயதிலேயே எழுத்தும் கொடுக்கலாம். 1919-இல் ஸ்டுட்கார்ட்டில் முதல் வால்டார்ஃப் பள்ளியைத் தொடங்கிய ஸ்டைனரோ தேவதைக் கதையை முன்னால் வைத்து, வாசிப்பை ஏழு வயதுவாக்கில்தான் ஆரம்பிக்கச் சொல்வார். கதை, பாட்டு, மெழுகு வண்ணம் எல்லாம் அவரிடமிருந்து தாராளமாக எடுத்துக்கொள். எழுத்து விசயத்தில் மட்டும் நடுவழி கிடையாது, ஒருவர் பக்கம்தான் நிற்கவேண்டும். அவள் ஏற்கெனவே பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள் என்றால் ஸ்டைனருக்காக நிறுத்திவைக்காதே.

வேலந்தாவளம்: வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். எந்த எழுத்து முதலில்?

நான் இரண்டையும் ஒன்றாக ஆரம்பித்து மூத்தவனைக் குழப்பிவிட்டேன். தமிழில் ஒரே க எல்லா ஒலிக்கும் வரும், மலையாளத்தில் அதற்கு நாலு எழுத்து, பாவம் அவன் என்ன செய்வான்? சின்னவளுக்குத் தமிழை முதலில் முடித்தேன். உப்புத்தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டி விரலால் தடவவைப்பது மாண்டிசோரி வழி, செலவு ரொம்பக் கம்மி. ஆறு மாதம் கழித்து மலையாளம். கொம்பு இரண்டிலும் எழுத்துக்கு முன்னால்தான் வருகிறது, அதனால் பாதி வேலை மிச்சம். அப்புறம் ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசன் சொன்னபடி ஒரே ஒரு தடவை வாசித்துக் காட்டிவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னேன், மலையாளத்தில் கேட்டதைத் தமிழில். அது நானாகச் சேர்த்த வம்பு, ஆனால் எங்கள் வீட்டில் எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்தது அதுதான்.

முதலமடை: பாடத்திட்டம் இல்லாமல் பிள்ளை தன் விருப்பப்படி கற்கட்டும் என்கிற அன்ஸ்கூலிங் முறை என்று விட்டேன், பத்து வயதுப் பையன் நாள் முழுக்க போனில் கிடக்கிறான்.

அன்ஸ்கூலிங் என்ற சொல்லைப் பரப்பிய அமெரிக்க ஆசிரியர் ஜான் ஹோல்ட், பிள்ளையைச் சும்மா விடச் சொல்லவில்லை, பெரியவர்களின் உலகத்துக்குள் விடச் சொன்னார். உங்கள் ஊரில் மாந்தோப்புக்கா பஞ்சம்? சீசனில் எடை போடுகிற இடத்தில் உட்காரவையுங்கள். எத்தனை பெட்டி, கூலி எவ்வளவு, அழுகல் போக என்ன நிற்கும் என்று ஒரு நோட்டில் அவனே எழுதட்டும். கைத்தொழிலை நடுவில் வைத்துப் பாடம் நடத்தலாம் என்று காந்தி 1937-இல் வார்தாவில் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். போனுக்கு நேரக் கட்டுப்பாடு வையுங்கள், ஹோல்ட் கோபித்துக்கொள்ள மாட்டார்.

செங்கோட்டை: பரீட்சை?

என்.ஐ.ஓ.எஸ். என்கிற மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் எழுதலாம். அதன் பத்தாம் வகுப்புக்குப் பதினான்கு வயது நிரம்பியிருக்கவேண்டும். தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். பன்னிரண்டு வயது வரை பரீட்சையை நினைக்கவே வேண்டாம்.

கோவிந்தாபுரம்: மாமியார் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார் அக்கா.

பருப்புப் பொறுக்குகிற வகுப்பை அவர் கையில் கொடுத்துவிடு.