பவர் பிரஸ்ஸில் புதிதாக உட்காரும் தம்பிக்கு

கேள்வி: எனக்கு 18 வயது. பிளஸ் டூ முடித்துவிட்டு அம்பத்தூர் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் ஹெல்பராகச் சேர்ந்தேன். இரண்டே வாரத்தில், தகட்டை அடித்து வடிவமாக்கும் பவர் பிரஸ் மெஷினில் உட்கார வைத்துவிட்டார்கள். தகட்டைக் கையால் டைக்குள் (அச்சுக்குள்) வைத்து, காலால் பெடலை மிதிக்க வேண்டும். "கவனமா செய், ஒண்ணும் ஆகாது" என்கிறார் சூப்பர்வைசர். பக்கத்து மெஷினில் 17 வயதுப் பையன். வேலையை விட முடியாத நிலை. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, உங்கள் கவனத்தை மட்டும் நம்பி அந்த மெஷினில் உட்காராதீர்கள். ஒரு ஷிப்டில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது கையும் காலும் எப்போதாவது தாளம் தப்பும். எத்தனை வருட அனுபவசாலிக்கும் இது நடக்கும். டைக்குள் விரல் போக வேண்டிய தேவையே இல்லாதபடி வேலையை அமைப்பதுதான் வழி.

சிறிய பட்டறைகளில் பெரும்பாலும் இருப்பது கீ கிளட்ச் வைத்த பழைய மெக்கானிக்கல் பிரஸ். பெடலை மிதித்ததும் கிளட்ச், மோட்டார் சுழற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலோடு கோத்துக்கொள்ளும். அப்புறம் ராம், அதாவது தகட்டை அடிக்கும் மேல்பகுதி, இறங்கி மேலே வரும்வரை நடுவில் யாராலும் நிறுத்த முடியாது. மோட்டாரை அணைத்தாலும் ஃப்ளைவீலின் வேகமே ராமை இறக்கிவிடும். இதைவிட மோசமானது, மிதிக்காமலே விழும் இரண்டாவது அடி. கிளட்ச் கீயோ ஸ்பிரிங்கோ தேய்ந்தாலும் பிரேக் தளர்ந்தாலும் இது நடக்கும். அடித்த பீஸை எடுக்கக் கை உள்ளே போகும் நேரமும் அதுதான். ராம் மேலே நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் வழுக்கினாலோ, ஒருமுறை மிதித்ததற்கு இருமுறை அடித்தாலோ, மெயினை அணைத்துவிட்டு, மெஷினை செட் செய்யும் செட்டரைக் கூப்பிடுங்கள். "எப்பவாவது அப்படித்தான் அடிக்கும்" என்று யார் சொன்னாலும், சரிசெய்யும்வரை உட்காராதீர்கள்.

நாளைக்கே கேட்க வேண்டியது நீளமான இடுக்கி. இரும்புத் தகடு என்றால் காந்தம் வைத்த கைப்பிடியும் உதவும். இடுக்கி மாட்டினால் டை உடையும் என்பது முதலாளிகளின் வழக்கமான பயம். அலுமினியத்தில் செய்தால் இடுக்கிதான் நசுங்கும், டை பிழைக்கும். இதைச் சொல்லியே கேளுங்கள். மறுப்பது அவருக்கும் கஷ்டம். அடுத்தது, தகடு மட்டும் நுழையும்படி டையைச் சுற்றி ஒரு தடுப்பு. தவறிக் கால் பட்டாலோ ஏதாவது விழுந்தாலோ மெஷின் அடிக்காமலிருக்கப் பெடலுக்கு மேல்மூடியும் வேண்டும்.

இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் அடிக்கும் இரு கைப் பட்டன் இருந்தால் ஒன்றை ரப்பரால் கட்டிவைத்து ஓட்டாதீர்கள், டார்கெட் எவ்வளவு இருந்தாலும். "சென்சார் இருக்கு" என்றால், எந்தக் கிளட்ச் என்று கேளுங்கள். கீ கிளட்சில் ஒளி சென்சாரால் இறங்கத் தொடங்கிய ராமை நிறுத்த முடியாது. சிக்கிய பீஸை எடுப்பதற்கு முன் ஃப்ளைவீல் முழுசாக நின்றுவிட்டதா என்று கண்ணால் பாருங்கள்.

தனியாகப் போய்ப் பேச வேண்டாம். கூட வேலை செய்யும் இரண்டு மூன்று பேரோடு போங்கள். எதுவும் மாறவில்லையா? தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில், பெயரை வெளியிட வேண்டாம் என்று குறிப்பிட்டே புகார் கொடுக்கலாம்.

அந்த 17 வயதுத் தம்பியின் விஷயம் இன்னும் அவசரம். ஆபத்தை முழுசாக விளக்காமலும், போதிய பயிற்சியோ தகுந்த மேற்பார்வையோ இல்லாமலும் 18 வயதுக்குட்பட்டவர்களை ஆபத்தான மெஷினில் விடக் கூடாது என்று 1948-இன் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். அவனை இன்றே அங்கிருந்து மாற்றச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

உங்கள் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) எண்ணையும் இப்போதே வாங்கி வையுங்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு அது உண்டு, கான்ட்ராக்ட் ஆட்களுக்கும்தான். சேர்ந்த முதல் நாளே வேலையில் அடிபட்டாலும் சிகிச்சை கிடைக்கும். குணமாகும்வரை சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் உதவித்தொகையாக வரும்.

யாருக்காவது விரல் துண்டானால், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வையுங்கள். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். விரல் மேல் நேரடியாக ஐஸ் படக் கூடாது, திசு செத்துவிடும். 108-ஐ அழைக்கும்போதே விரல் துண்டானதைச் சொல்லிவிடுங்கள். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.