கோல்ஃப் ஆடிப் பிழைக்க முடியுமா?

கேள்வி இதுதான்: "என் அக்கா மகனுக்கு 13 வயது. தொழில்முறை கோல்ஃப் வீரன் ஆகப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். நடுத்தரக் குடும்பத்துப் பையன் அதை நம்பிப் பிழைக்க முடியுமா?"

நான் கோல்ஃப் ஆடியவன் இல்லை. ஆடுகிறவர்களுக்குப் புல் வெட்டிக் கொடுத்தவன். குளச்சல் பக்கம் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பராமரிப்பு வேலைக்குப் போய், 11 வருடம் அங்கேயே கிடந்தேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் உண்டு, வாழை உண்டு, கடல் உண்டு. கோல்ஃப் பார்க்க வேண்டுமென்றால் எல்லை தாண்டி, திருவனந்தபுரம் கவடியாரில் இருக்கும் மைதானத்துக்குத்தான் (பந்தை அடித்து விழவைக்க அங்கே ஒன்பது குழி) போக வேண்டும். அதனால் துபாய் போகும்வரை எனக்கும் இது பணக்காரன் பொழுதுபோக்கு என்றுதான் நினைப்பு.

பிழைக்கலாம். ஆனால் மாதச் சம்பளம் மாதிரி நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊரில் ஆழ்கடலுக்குப் போகிற விசைப்படகைத்தான் உதாரணம் சொல்வேன். டீசல், ஐஸ், அரிசி, பருப்பு எல்லாம் முதலிலேயே ஏற்றியாக வேண்டும். மீன் ஏலம் போன பிறகு, அந்தச் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பங்கு வைப்பார்கள். மீன் படவில்லை என்றால் கடனோடு கரையேற வேண்டியதுதான். கோல்ஃப் வீரனுக்கும் டிக்கெட், ஓட்டல், சாப்பாடு, கேடிக்கு வாரக்கூலி எல்லாம் கைக்காசு.

(கேடி என்றால் வீரனின் பையைச் சுமந்துகொண்டு, காற்றையும் தூரத்தையும் பார்த்து யோசனை சொல்கிற ஆள். "இன்னைக்கு ஒரு கேடிகூட சாயா குடிச்சேன்" என்று ஃபோனில் சொல்லி அம்மாவை அழவைத்திருக்கிறேன்.)

போட்டி வியாழனில் தொடங்கி ஞாயிறு வரை நடக்கும், ஒரு நாளைக்கு 18 குழி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் 'கட்' விழும், அதாவது பின்தங்கியவர்களைக் கழித்துவிடுவார்கள். அமெரிக்காவின் பெரிய தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் முதல் 65 இடத்தில் இருப்பவர்களும், அந்த இடத்தில் சமமாக நிற்பவர்களும் சனி, ஞாயிறு ஆடலாம். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் பரிசுப் பணம் ஒரு பைசா கிடையாது. ஜெயித்தவனுக்கு மொத்தப் பரிசில் 18 சதவீதம். 65ஆவது ஆளுக்குக் கிடைப்பது ஒரு சதவீதத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். இதில் கேடிக்கும் பங்கு உண்டு. ஜெயித்தால் பத்து சதவீதம் கொடுப்பது வழக்கம்.

டிவியில் ஞாயிற்றுக்கிழமையைக் காட்டுவார்கள். நான் வெள்ளிக்கிழமையை நிறையப் பார்த்தவன். ஒருமுறை தென்னாப்பிரிக்காக்காரப் பையன் ஒருவன், 'கட்'டில் கழிந்த பிறகும் போகாமல் பயிற்சிப் புல்லில் நின்று நாலடி தூரத்திலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டே இருந்தான். ஒரே இடத்தில் நின்று தட்டினால் இரண்டு கால் அளவுக்குப் புல் அமுங்கிப் பழுத்துவிடும். அந்தப் புல்லை நாங்கள் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி வைத்திருப்போம். எனக்கு எரிச்சல். கொஞ்சம் தள்ளி நில் என்று சைகை காட்டப் போனேன். அவன் தொப்பியைக் கழற்றி ஸாரி சொன்னான். அப்போதுதான் கையைப் பார்த்தேன். வலது கை எங்கள் அப்பா கை மாதிரி வெயிலில் கறுத்திருந்தது. கையுறை போடுகிற இடது கை மட்டும் மணிக்கட்டு வரை வெள்ளை வெளேர். அடுத்த வாரம் இன்னொரு நாட்டில் போட்டியாம், எந்த விமானம் மலிவு என்று ஃபோனில் தேடிக்கொண்டிருந்தான். போகும்போது தன் உறையை என்னிடம் கொடுத்தான்.

சரி, ஏழை வீட்டுப் பையன் இதில் ஜெயித்ததே இல்லையா? ஜெயித்திருக்கிறான். டெல்லி கோல்ஃப் கிளப்பில் பை சுமக்க வந்த அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓப்பன் என்ற கோல்ஃப் போட்டியை ஜெயித்தார். இந்தியத் தொழில்முறை வீரர்களில் அதுதான் முதல் தடவை. 2009இல் அதே பட்டத்தை வென்ற சின்னசாமி முனியப்பாவும் பெங்களூரில் பை சுமந்தவர்தான். சமநிலையில் நின்ற கொரியாக்காரரை, முடிவு காண நடக்கும் கூடுதல் ஆட்டமான பிளேஆஃபில் தோற்கடித்து 1,98,125 டாலர் வாங்கினார். அன்றைய கணக்கில் ஏறத்தாழ 90 லட்சம்.

எனக்குப் பிடித்தது அர்ஜுன் அத்வால் கதை. 2010 ஜூலையில் பிஜிஏ டூரில் ஆடும் உரிமையே அவர் கையை விட்டுப் போனது. அடுத்த மாதம் அதே டூரின் விண்டம் சாம்பியன்ஷிப் போட்டிக்குத் திங்கட்கிழமைத் தகுதிச்சுற்று ஆடித்தான் உள்ளே நுழைந்தார். அந்த வார ஞாயிற்றுக்கிழமை கோப்பை அவர் கையில். பிஜிஏ டூரில் ஜெயித்த முதல் இந்தியர் அவர். ஒரே ஏலத்தில் மொத்தக் கடனும் அடைந்த படகுகளை எங்கள் துறைமுகத்திலும் பார்த்திருக்கிறேன். அடையாத படகுகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

உங்கள் அக்கா மகன் விஷயத்துக்கு வருகிறேன். 13 வயது தாமதம் இல்லை. முதலிலேயே முழு செட் வாங்கிவிடாதீர்கள். ஆட்டத்தில் 14 மட்டைவரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி, அவ்வளவும் வேண்டும் என்று இல்லை. பழசு நாலைந்து போதும். ஒரு வருடம் போகட்டும். ஜூனியர் போட்டிகளில் எங்கே நிற்கிறான் என்று பாருங்கள். பயணத்துக்கே நிறையச் செலவாகும், வீட்டில் ஒருவர் கூடவே அலையவும் வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக் ஒரே ஒரு அடியில் பதக்கத்தைத் தவறவிட்டு நாலாவதாக வந்தபோது அவருக்குப் பை சுமந்தது அவர் அம்மா. அப்புறம், படிப்பை நிறுத்த விடாதீர்கள். பெரிய வீரன் ஆகாவிட்டாலும் பயிற்சியாளர் வேலை இருக்கிறது, என்னைப் போல புல் வேலையும் இருக்கிறது. அதற்கெல்லாம் மாதம் பிறந்தால் சம்பளம் வரும்.

அந்த உறையை லீவுக்கு வந்தபோது அப்பாவிடம் கொடுத்தேன், கயிறு இழுக்க உதவும் என்று. மெல்லிய ஆட்டுத்தோல், இரண்டே வாரத்தில் கிழிந்துவிட்டது. வாங்கிய அன்றைக்கு அப்பா அதை இடது கையில் மாட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "மத்த கைக்கு எங்கலே மக்கா?"