ஸ்டிக்கர் இல்லாத கிட்டாரில் கை ஓடவில்லையே, என்ன செய்வது?

கேள்வி: ஆறு மாதமாக கிட்டார் பழகுகிறேன். ஃப்ரெட்போர்டு (ஃப்ரெட் என்கிற கட்டங்கள் உள்ள, விரல் வைக்கிற கழுத்துப் பலகை) முழுக்க நோட் பெயர் போட்ட கலர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். ஏ மைனர் பெண்டடானிக் என்கிற ஐந்து நோட் ஸ்கேலின் ஐந்து பாக்ஸும், அதாவது கழுத்தில் ஐந்து இடத்தில் விரல் வைக்கும் வடிவங்களும், மனப்பாடம். ஆனால் நண்பரின் கிட்டாரைக் கையில் எடுத்தால் ஒன்றும் வரவில்லை. என் கிட்டாரிலேயே மேலே போய்க் கீழே வருவதைத் தவிர ஒரு பாட்டுகூடப் பிடிக்க முடியவில்லை. ஃப்ரெட்டில் எல்.இ.டி. எரிகிற கிட்டார் வாங்கினால் சுலபமாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தை பேங்கிலேயே விட்டு வையுங்கள். விளக்கு எரிகிற இடத்தில் விரல் வைக்க உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், ஸ்டிக்கரை வைத்து அதைத்தானே ஆறு மாதமாகச் செய்கிறீர்கள். கடைக்காரர் அதையே இன்னும் அதிக விலைக்கு விற்கப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

ஆறு கம்பி, பன்னிரண்டு ஃப்ரெட், 72 இடம். 72 இடத்திலும் ஸ்டிக்கர் இருந்தால் எல்லா நோட்டும் ஒரே மதிப்பில் கண்ணில் படும். எங்கே என்ன நோட் என்று அது சொல்லும், சரி. அதில் எது 'சா', அதாவது பாட்டுக்கு ஆதாரமான நோட், என்று சொல்லவே சொல்லாது. பாட்டு பிடிபடாமல் போவது அங்கேதான்.

நம்பிக்கை இல்லையென்றால் இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். போனில் ஏதாவது ஒரு இலவச சுருதிப்பெட்டி ஆப்பைப் போட்டு 6 கட்டையில் வையுங்கள், அது ஏ. இப்போது 5ஆவது ஃப்ரெட்டில் உங்கள் முதல் பாக்ஸை மெதுவாக வாசியுங்கள். ஏ, சி, டி, ஈ, ஜி என்று போகும். வீட்டில் யாராவது பாட்டு கற்றவர் இருந்தால் சுத்த தன்யாசி மாதிரி இருக்கிறதே என்பார். அப்புறம் கையை அசைக்காமல் சுருதியை மட்டும் 1 கட்டைக்கு மாற்றுங்கள், அதாவது சி. அதே பாக்ஸ், அதே விரல், ஆனால் இந்த முறை சி-யில் போய் நில்லுங்கள். மோகனம் கேட்கும். டி-யை ஆதாரமாக வைத்தால் மத்யமாவதி, ஈ-க்கு ஹிந்தோளம், ஜி-க்கு சுத்த சாவேரி. ஆதார ஸ்வரத்தை மாற்றி அதே ஸ்வரங்களில் வேறு ராகம் காட்டுவது, கிரக பேதம் என்று கச்சேரியில் கைதட்டு வாங்குகிற சங்கதி இதுதான். உங்கள் ஸ்டிக்கரில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ராகமே மாறிவிட்டது. பாக்ஸ் மாறினால் ராகம் மாறும் என்று வேறு சில வீடியோக்களில் சொல்லித் தொலைக்கிறார்கள். மாறாது, ஐந்து பாக்ஸிலும் இருப்பது அதே ஐந்து நோட்தான்.

அதனால் ஸ்டிக்கரைப் பாதிக்கு மேல் கிழித்துப் போடுங்கள். ஏ மட்டும் இருக்கட்டும். 6ஆம் கம்பியில் 5ஆவது ஃப்ரெட் (6 என்றால் தடித்த கம்பி), 5ஆம் கம்பியில் 12, நாலில் 7, மூன்றில் 2, இரண்டில் 10, ஒன்றில் 5. ஆறு கம்பிக்கு ஆறு ஸ்டிக்கர், தீர்ந்தது. 12க்கு மேலே எல்லாம் முதலிலிருந்து அப்படியே திரும்ப வரும், அங்கே ஒன்றும் ஒட்ட வேண்டாம்.

அடுத்து, கொஞ்ச நாளைக்கு பாக்ஸை மறந்துவிட்டு ஒரே கம்பியில் வாசியுங்கள். 5ஆம் கம்பியைச் சும்மா மீட்டினால் ஏ. அதிலேயே 3, 5, 7, 10, 12 என்று போனால் முழு ஸ்கேலும் வந்துவிடும். இதில் பத்தைத் தவிர மற்ற நான்கு இடத்திலும் பெரும்பாலான கிட்டார்களில் கம்பெனியே புள்ளி வைத்துத்தான் கொடுக்கிறது, கழுத்தின் மேல் விளிம்பில் உங்கள் கண்ணுக்கு நேராகவும் வைத்திருப்பான். நண்பரின் கிட்டாரிலும் அதே புள்ளிகள் இருக்கும். காசில்லாமல் கிடைத்த சார்ட் அது, அதைப் பார்க்கப் பழகாமல் மேலே ஸ்டிக்கரை ஒட்டி மறைத்து வைத்திருக்கிறீர்கள்.

ஒரு இடத்தில் மட்டும் எல்லோரும் இடறுவார்கள், நீங்களும் இடறுவீர்கள், அதனால் அதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். 6ஆம் கம்பியின் 5ஆவது ஃப்ரெட்டில் இருக்கும் ஏ-யிலிருந்து இரண்டு கம்பி தள்ளி, இரண்டு ஃப்ரெட் முன்னே போனால் மேல் ஸ்தாயி ஏ, அதாவது 4ஆம் கம்பியில் 7. நல்ல விதி, 5ஆம் கம்பியில் தொடங்கினாலும் இதுவேதான். ஆனால் அதே விதியில் 4ஆம் கம்பியின் 7இலிருந்து போனால் 2ஆம் கம்பியில் 9 வரும், அங்கே இருப்பது ஜி ஷார்ப், காதில் நாராசமாக விழும். ஏ இருப்பது 10இல். 3ஆம் கம்பியின் 2இலிருந்து 1ஆம் கம்பிக்குப் போனாலும் இதே கதை, 4 இல்லை, 5. காரணம் ட்யூனிங்கில் இருக்கிறது. கிட்டாரைக் காதால் ட்யூன் செய்யும்போது 5ஆவது ஃப்ரெட்டை அழுத்தி அடுத்த கம்பியைச் சேர்ப்போம் அல்லவா, 3ஆம் கம்பிக்கு மட்டும் 4ஆவது ஃப்ரெட். அந்த ஒரு ஃப்ரெட் குறைவதால் மூன்றாம் கம்பியிலிருந்து இரண்டாம் கம்பிக்குத் தாண்டுகிற எந்த வடிவமும் ஒரு ஃப்ரெட் முன்னே தள்ளிப்போகும். எல்லாக் கம்பியையும் ஒரே இடைவெளியில் வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வைத்தால் கடைசி இரண்டு கம்பியும் சி, எஃப் ஆகிவிடும். ஈ மேஜர் மாதிரி சாதாரண கார்டுக்கே (பல நோட்டைச் சேர்த்து மீட்டுவது) கை திண்டாடும். ஐந்து பாக்ஸும் ஐந்து விதமாகக் கோணிக்கொண்டு தெரிவதற்குப் பாதிக் காரணம் இந்த ஒரு கம்பிதான், இதை எந்த ஸ்டிக்கர் பாக்கெட்டும் சொல்லாது.

தடித்த கம்பியை டி-க்கு இறக்குகிற டிராப் டி ட்யூனிங், ஏழு கம்பி கிட்டார் எல்லாம் இப்போது உங்களுக்கு எதற்கு, விடுங்கள்.

சார்ட் வேண்டுமென்றால் நீங்களே வரையுங்கள். கோடு போட்ட நோட்டில் ஆறு கோடு எடுத்து பன்னிரண்டு கட்டம், ஏ-க்கு மட்டும் சிவப்புப் பேனா. வாங்குகிற சார்ட்டில் மெல்லிய கம்பி மேலே இருக்கும், மடியில் இருக்கும் கிட்டாரில் தடித்த கம்பிதான் மேலே, இதைப் புரியாமல் தலைகீழாகப் பழகியவர்கள் நிறையப் பேர். கையால் ஒருமுறை வரைந்துவிட்டால் அந்தக் குழப்பம் வராது. நெட்டில் இலவசமாகக் கிடைக்கிற படத்தையே லேமினேட் செய்து 'ரகசிய ஸ்கேல் மேப்' என்று விற்கிறார்கள், '30 நாளில் ஃப்ரெட்போர்டு மாஸ்டர்' என்று மாதச் சந்தா வாங்குகிறார்கள். சில ஊர்களில் கடைக்கும் வகுப்புக்கும் இடையில் கமிஷன் வேறு ஓடுகிறது. வாத்தியாரே ஒரு குறிப்பிட்ட கடையின் பெயரைச் சொல்லி அங்கேதான் வாங்க வேண்டும் என்றால் உஷாராக இருங்கள்.

நீங்கள் வகுப்புக்குப் போகிறீர்களா என்று எழுதவில்லை. போனால், ஏ-யில் தொடங்காமல் நடுவில் ஈ-யில் தொடங்கி வாசிக்கச் சொல்லித் தருகிறாரா என்று பாருங்கள். பெரும்பாலும் மாட்டார்கள், ஏனென்றால் கிரேடு தேர்வில் ஸ்கேலை அடியிலிருந்து நுனிவரை வாசித்துத் திரும்பினால் மார்க். சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டிவிட்டு, டிவியில் ஓடுகிற விளம்பர இசையில் நாலு நோட்டை எடுத்து வாசி என்றால் முழிக்கிற பிள்ளைகளை எத்தனை பேரைப் பார்த்தாகிவிட்டது! பிள்ளைகள் மேல் தப்பில்லை. கட்டணத்தையும் கட்டச் சொல்லி, காதையும் மூடிவைக்கிற முறை இது.

ஸ்டிக்கர் எடுக்கும்போது கம்பியை நன்றாகத் தளர்த்திக்கொண்டு, ஓரத்திலிருந்து மெதுவாக உரியுங்கள். மிச்சப் பசையைப் பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பால் சுரண்டலாம். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் பக்கம் போகாதீர்கள், பாலிஷ் போய்விடும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், பிசுபிசுத்துத் தூசி சேரும். கம்பி மாற்றி ஆறு மாதம் ஆகியிருந்தால் கையோடு புதிது போட்டுவிடுங்கள், துருப்பிடித்த கம்பியில் ட்யூனிங் நிற்காது.