காவல்காரர் அணி: மினியேச்சர் மாற்றுவதும் வண்ணம் தீட்டுவதும், கேள்வி பதில்

செங்கோட்டையில் இருக்கும் எனக்கு தமிழக எல்லையின் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்த கேள்விகள் இவை. எல்லாமே ப்ளட் பௌல் அணியைப் பற்றியவை. தெரியாதவர்களுக்கு ஒரு வரி: கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1986-இல் கொண்டுவந்த பலகை விளையாட்டு. 26-க்கு 15 கட்டம் உள்ள மைதானத்தில் பக்கத்துக்கு 11 பேர் பந்தைத் தூக்கிக்கொண்டு முட்டி மோதுவார்கள். மனிதர், குள்ளர், ஓகர் என்கிற ராட்சதர் என்று கற்பனை இனங்கள். 10 லட்சம் தங்கக் காசுக்குள் அணியைச் சேர்க்க வேண்டும், பொம்மைகளை நாமே ஒட்டி வண்ணமும் தீட்ட வேண்டும்.

புளியரையிலிருந்து கல்லூரித் தம்பி: அண்ணே, மனிதர் அணிப் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். அதை நம்ம ஊர்க் காவல் தெய்வ அணியாக மாற்ற ஆசை. கையில் அருவா, பெரிய மீசை, சல்லடம் எல்லாம் வரணும். எங்கே ஆரம்பிப்பது?

நல்ல யோசனை தம்பி. ஆனால் வெட்டுக்கத்தியை எடுக்கும் முன் இரண்டு விஷயம்.

முதலாவது, சாமி பெயரை வைக்காதே. இந்த ஆட்டத்தில் ஆட்கள் கீழே விழுவார்கள், மிதிபடுவார்கள், மைதானத்தை விட்டே தூக்கிப் போகப்படுவார்கள். மாடனைக் கும்பிடுகிற யாராவது எதிரே உட்கார்ந்து ஆடும்போது அது அவருக்கு வலிக்கும். சாமிக்குக் காவல் நிற்கிற ஊர்க் காவல்காரர்கள் என்று வைத்துக்கொள். மீசை, தலைப்பாகை, கச்சை, சல்லடம் எல்லாம் அப்படியே இருக்கட்டும், ஒன்றும் குறையாது.

இரண்டாவது, அருவாளைக் கையில் கொடுக்காதே. ப்ளட் பௌலில் ஆயுதம் வைத்திருப்பவர் தனி வகை. அவருக்கு விதியே வேறு, ஆட்டத்தின் ஒரு சுற்று முடிந்ததும் நடுவர் வெளியே அனுப்பிவிடுவார். உன் ஆட்கள் எல்லாரும் அருவாளோடு நின்றால் எதிரே இருப்பவர் ஒவ்வொரு முறையும் ‘இவர் யார்?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அருவாளை முதுகில் செருகு, அல்லது தோள் கவசத்தில் சின்னமாக வை. அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டினால் போதும். மேலே இருந்து பார்க்கும்போது தோள்தான் முதலில் கண்ணில் படும், அதனால் சின்னத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

அடுத்து, 11 பேரையும் ஒரே அளவுக்கு மாற்றப் பார்க்காதே. எல்லாருக்கும் தலைப்பாகையும் மீசையும். பந்து எறிபவருக்கு மட்டும் தோளில் துண்டு. பாய்ந்து தாக்கும் பிளிட்சருக்கு மட்டும் சல்லடத்து விளிம்பில் மணிகள். மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறவருக்கு யார் யார் என்று உடனே தெரிய வேண்டும், அதற்காகத்தான் மாற்றுவதே. எவ்வளவு அழகாகச் செதுக்கினாலும் இது தெரியவில்லை என்றால் அணி சரியாக அமையவில்லை என்றுதான் சொல்வேன்.

முதலில் சாதாரண லைன்மேன் ஒருவனை எடுத்து, வெட்டுவதிலிருந்து வார்னிஷ் வரை முழுசாக முடித்துவிடு. எந்த நிறம் ஒத்துவரவில்லை, எந்தப் பாகம் உடைகிறது என்று அவனே சொல்லிவிடுவான். அப்புறம் மற்றவர்களை மூன்று நான்கு பேராகச் சேர்த்துச் செய்.

குமுளி: பிசைந்து உருவம் செய்யும் கிரீன் ஸ்டஃப் பசையை வரவழைக்க நாளாகிறது. எம்-சீல் போதாதா?

அடிப்பீடத்தில் கல், மண்மேடு செய்ய எம்-சீல் தாராளமாகப் போதும். மீசைக்கும் தலைப்பாகை மடிப்புக்கும் போதாது. அது சீக்கிரம் இறுகிவிடும், பரப்பும் கொஞ்சம் சொரசொரப்பாக வரும். கிரீன் ஸ்டஃப் மஞ்சளும் நீலமும் சமமாகப் பிசைந்தால் மெழுகு மாதிரி இழுபடும், ஒரு மணி நேரத்துக்கு மேல் கையாளலாம், ராத்திரி விட்டுவிட்டால் காலையில் இறுகியிருக்கும். கருவியில் தண்ணீரோ ஒரு துளி வாசலினோ தொட்டுக்கொண்டால் ஒட்டாது.

மீசைக்கு வழி இதுதான்: கடுகளவு உருண்டையை இரண்டு முனையும் கூராகும்படி உருட்டி, மூக்குக்குக் கீழே வைத்து, நடுவில் ஊசியால் ஒரே ஒரு அழுத்து. இரண்டு பக்கமும் தானாகத் தூக்கிக்கொள்ளும். பிறகு முடிக்கோடு இரண்டு மூன்று கீறினால் போதும், அதற்கு மேல் கை வைத்தால் கெட்டுவிடும்.

சின்ன இடைவெளியை நிரப்ப ஃபெவிக்விக் ஒரு துளி விட்டு, மேலே ஆப்ப சோடா தூவுங்கள். நொடியில் கல்லாகிவிடும், அரம் போட்டுத் தேய்க்கலாம். புகை வரும், முகத்தைத் தள்ளி வையுங்கள். இன்னொன்று: பெட்டியில் வரும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை பிளாஸ்டிக் சிமெண்ட் கரைத்து ஒன்றாக்கும். ரெசினிலும் (அச்சில் ஊற்றி இறுக்கும் பிசின்) உலோகத்திலும் அது பிடிக்காது, அங்கே ஃபெவிக்விக்தான்.

கொழிஞ்சாம்பாறை: ஓகருக்குப் பதில் ஒரு காளையை வைக்கலாமா? எங்கள் பக்கம் காங்கேயம் மாடுதான் மனசுக்கு நெருக்கம்.

வையுங்கள் சார், இந்தக் கேள்விக்காகவே நான் உட்கார்ந்திருந்தேன். ஓகரின் 40 மி.மீ. அடிப்பீடம் அப்படியே இருக்கட்டும், ஆட்டத்துக்கு அது ஓகர்தான் என்று எதிராளியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடையில் வரும் மினோட்டார் (காளைத்தலை மனிதன்) தலையை மட்டும் மாட்டினால் அது சீமை மாடாகத்தான் தெரியும். நம்ம காளைக்கு அடையாளம் திமில். பிடரிக்கும் முதுகுக்கும் நடுவில் எம்-சீலில் ஒரு கரு வைத்து, மேலே கிரீன் ஸ்டஃப் போர்த்தி, உச்சி லேசாக ஒரு பக்கம் சாய்கிற மாதிரி விடுங்கள். நேராக நிமிர்ந்த திமில் ஒட்டவைத்தது போல இருக்கும். கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடியையும் மறக்காதீர்கள்.

நிறத்துக்கு மயிலைக் காளையை நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பு சாம்பல், திமிலும் கழுத்தும் தொடைப்பக்கமும் கருத்து வரும். நடுத்தரச் சாம்பலை உடம்பு முழுக்கப் பூசி, கறுப்பும் கொஞ்சம் பழுப்பும் கலந்ததை நிறையத் தண்ணீர் விட்டு, திமில் உச்சியிலிருந்து கீழே நான்கைந்து மெல்லிய பூச்சாக இறக்குங்கள். ஒவ்வொரு பூச்சும் முந்தினதைவிடக் குறைந்த இடத்தில் நிற்கட்டும். எங்கே கறுப்பு முடிந்து சாம்பல் தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியக்கூடாது. விலாவில் மட்டும் வெள்ளை கலந்த சாம்பலை உலர்ந்த தூரிகையால் தடவினால் தோல் பளபளக்கும்.

தென்காசி அக்கா: சாரல் சமயத்தில் ஸ்ப்ரே பிரைமர் (வண்ணத்துக்கு முன் போடும் அடிப்பூச்சு) அடித்தால் மாவு தூவின மாதிரி ஆகிறது. ஏன்?

ஈரம்தான் அக்கா. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை குற்றாலத்துக் காற்று நம்ம மொட்டை மாடிக்கும் வருகிறதே. அந்த நாட்களில் ஸ்ப்ரேயைத் தொடாமல் தூரிகையால் பூசும் பிரைமரை இரண்டு மெல்லிய பூச்சாகப் போடுங்கள். வெயில் காய்கிற நாளில் அடிப்பதானால் டப்பாவை நன்றாகக் குலுக்கி, ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில், நிறுத்தாமல் வீசி அடியுங்கள். பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இதற்கு நேர் எதிர்த் தொல்லை. காய்ந்த காற்று வேகமாக அடிக்கும்போது பெயிண்ட் பொம்மையைத் தொடும் முன்னே காய்ந்துவிடும், முடிவு அதே மாவுதான். அவர்கள் அட்டைப்பெட்டி ஒன்றைச் சாய்த்து வைத்து அதற்குள் அடிக்கட்டும்.

வண்டிக்கு அடிக்கும் ஸ்ப்ரே மலிவு என்று எடுத்தால், முதலில் பாகங்களை வெட்டி எடுத்தபின் மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தில் அடித்துப் பாருங்கள். சிலவற்றில் உள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும்.

களியக்காவிளை: மாநிறத் தோல் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது.

வெளிச்சம் காட்ட வெள்ளையைக் கலக்கிறீர்கள், அதனால்தான். அடர் பழுப்பில் துளி சிவப்பு, அது அடித்தளம். அடுத்த பூச்சுக்குப் பழுப்போடு ஆரஞ்சு, கடைசியாக மூக்கு, கன்னம், புஜத்துக்கு அதோடு காவி மஞ்சள். வெள்ளை வேண்டாம். எல்லாருக்கும் ஒரே மாநிறம் போடாமல் இரண்டு பேரைக் கருப்பாகவும் ஒருவரைக் கொஞ்சம் வெளுப்பாகவும் விடுங்கள், நம்ம தெருவில் நிற்கிற ஆட்கள் மாதிரி இருக்கும்.

கூடலூர்: அணிக்கு என்ன நிறம் நல்லது?

பச்சை மட்டும் வேண்டாம், மைதானத்தோடு கலந்துவிடும். காவல்காரர்களுக்கு மஞ்சளும் கருஞ்சிவப்பும் என் தேர்வு. மஞ்சள் கறுப்பின் மேல் ஏறாது, அடியில் வெளிர் பழுப்போ இளஞ்சிவப்போ பூசிவிட்டு அதன் மேல் போடுங்கள்.

புனலூர்: முதுகில் தமிழ் எண் எழுதலாமா?

அழகாக இருக்கும். ௧, ௨, ௩ என்று தொடங்கி பத்துக்கு ௰, பதினொன்றுக்கு ௰௧. ஆனால் எதிரே ஆடுகிறவருக்கும் படிக்கத் தெரிய வேண்டுமே. முதுகில் தமிழ் எண், அடிப்பீட விளிம்பில் 1, 2, 3. விளிம்பின் நிறத்தையும் ஆட்டக்காரர் வகைக்குத் தகுந்தபடி மாற்றிவிட்டால் இரண்டு பேருக்கும் ஆடுவது சுலபம்.

நகரி: கண் வரைவது எப்படி?

முதல் அணிக்கு வரையாதீர்கள். கண்குழியில் அடர் பழுப்பு வாஷ் (நீர்த்த பெயிண்ட்) ஒரு துளி இறக்குங்கள். இந்த அளவில் அதுவே பார்வையாகத் தெரியும்.

வண்டிப்பெரியாறு: நான்கு ஆட்டத்திலேயே மூக்கு, தோள் எல்லாம் பெயிண்ட் போய்விட்டது. கட்டை விரல் படுகிற இடமெல்லாம் வெள்ளை.

இந்த விளையாட்டில் அது எதிர்பார்க்க வேண்டியதுதான். மற்ற மினியேச்சர் ஆட்டங்களில் ஆள் நின்றுகொண்டே இருப்பான். இதில் விழுந்தவனை மல்லாக்கப் போட வேண்டும், மயங்கினவனைக் குப்புறப் போட வேண்டும். அதனால் மூக்கு, முழங்கை, தோள், தலைப்பாகை உச்சி எப்போதும் பலகையில் உரசும். முதலில் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு, நன்றாகக் காய்ந்ததும் அதன் மேல் மினுங்காத மேட் வார்னிஷ். பளபளப்பு வகைதான் உரசலைக் கூடத் தாங்கும், மேட் அந்த மினுக்கத்தை அடக்கிவிடும். ஸ்ப்ரே வார்னிஷும் ஈரக்காற்றில் வெளுத்துப் போகும், உங்கள் ஊர் மழைக்குத் தூரிகையே நல்லது. ரெசின் பொம்மை என்றால் பிரைமருக்கு முன்னால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு பழைய டூத் பிரஷால் தேய்த்தீர்களா என்று பாருங்கள். அச்சிலிருந்து எடுக்கத் தடவிய எண்ணெய்ப் பசை மிச்சமிருந்தால் எதுவும் நிற்காது.

இதே காரணத்துக்காக மாட்டிய கை, தலைக்கு வெறும் பசையை நம்பாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் துளை போட்டு பேப்பர் கிளிப் கம்பியைச் செருகி ஒட்டுங்கள்.

செங்கோட்டை, ஒரு அம்மா: பையன் ஒன்பதாம் வகுப்பு. இதெல்லாம் அவன் கையில் கொடுக்கலாமா?

வண்ணம் தீட்டுவதைத் தாராளமாகக் கொடுங்கள், அக்ரிலிக் காயும் முன் தண்ணீரில் கழுவினால் போகிற பெயிண்ட்தான். கத்தி பிடிக்கும்போது ஒரு மாதம் பக்கத்தில் இருங்கள். கூர் மழுங்கிய கத்திதான் வழுக்கி விரலில் இறங்கும், பிளேடை அடிக்கடி மாற்றுங்கள். பொம்மையைக் கையில் பிடித்து வெட்டாமல் பலகையில் வைத்து வெட்டச் சொல்லுங்கள். ஃபெவிக்விக்கில் விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்கக் கூடாது, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு மெதுவாக உருட்டிப் பிரிக்கலாம். ரெசினை ஈரத்தோடு தேய்க்கட்டும், முகக்கவசமும் போடட்டும், அந்தத் தூள் மூச்சில் போகக்கூடாது. வீட்டில் 3டி பிரிண்டர் வாங்கும் யோசனை இருந்தால், இறுகாத ரெசினைத் தொடும் வேலை பெரியவர்களுடையது, கையுறையோடு. நல்ல தூரிகை ஒன்று, இரண்டாம் நம்பர், முனை கூராக நிற்பதாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள். மலிவான தூரிகைகள் பத்து வாங்குவதைவிட அது ஒன்றே போதும்.